மைல் கணக்கு யாருக்கு லாபம்?

விமானத்தில் அடிக்கடி போகிறவர்களுக்கு ஓர் அறிவுரை தவறாமல் கிடைக்கும். ஒரே விமான நிறுவனத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மாறி மாறிப் போனால் எதிலும் எதுவும் சேராது என்பதே அது. ஒரே இடத்தில் போட்டால் மைல் சேரும். மைல் சேர்ந்தால் சில்வர், பிறகு கோல்டு. கோல்டு வந்துவிட்டால் லவுஞ்ச், கூடுதல் லக்கேஜ், செக்-இன்னுக்குத் தனி வரிசை, எப்போதாவது பிசினஸ் வகுப்பு இருக்கை. ஐ.டி. நிறுவனங்களின் கேன்டீனிலும், கிரெடிட் கார்டு விற்பவர்களின் பேச்சிலும், பயண யூடியூப் சேனல்களிலும் இது யாரும் கேள்வி கேட்காத உண்மையாகவே புழங்குகிறது. வேறொரு நிறுவனத்தில் 800 ரூபாய் குறைவாக டிக்கெட் கிடைத்தும் அதை விட்டுவிட்டு வழக்கமான நிறுவனத்திலேயே போகிறவரை, விவரம் தெரிந்தவர் என்றுதான் சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள்.

இந்த அறிவுரை தவறு. சொந்தக் காசில் டிக்கெட் வாங்கும் பயணிக்கு, அவர் ஆண்டுக்கு நான்கு முறை பறந்தாலும் பதினான்கு முறை பறந்தாலும், ஒரே நிறுவனத்துக்கு விசுவாசமாக இருப்பதால் கிடைப்பதைவிட இழப்பதே அதிகம். நிறுவனத்தின் மைல் திட்டத்தில் சேருவதில் தவறில்லை. சேருவதற்குப் பணம் கேட்பதில்லை. எந்த விமானத்தில் ஏறுவது என்ற முடிவை அந்தத் திட்டத்தின் கையில் கொடுப்பதுதான் தவறு. இந்தத் திட்டங்கள் எதற்காகப் பிறந்தன, இன்று யாருடைய பணத்தில் நடக்கின்றன, அவற்றின் விதிகளை யார் எப்போது மாற்றலாம் என்று பார்த்தால் இது விளங்கும்.

1978 வரை அமெரிக்காவில் எந்த விமானம் எந்த ஊருக்கு எவ்வளவு கட்டணத்தில் பறக்கலாம் என்பதை அரசே முடிவு செய்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. புதிய நிறுவனங்கள் மலிவான டிக்கெட்டுகளோடு வந்தன. பயணிகள் விலையை ஒப்பிட்டு வாங்கத் தொடங்கினார்கள். பழைய பெரிய நிறுவனங்களுக்கு இது பேரிடி. விலையில் போட்டியிட்டால் லாபம் போகும். போட்டியிடாவிட்டால் பயணி போவார். 1981 மே 1-ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் தன் 'மைலேஜ் பிளஸ்' திட்டத்தோடு வந்தது. டெல்டாவும் அதே ஆண்டில் இறங்கியது. பயணி விலையை ஒப்பிடுவதை நிறுத்த வேண்டும் என்பதே இத்திட்டங்களின் நோக்கம். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அது மாறவில்லை. 800 ரூபாய் மலிவான டிக்கெட்டைப் பார்த்தும் பார்க்காததுபோலக் கடந்துபோகும் பயணியைத்தான் இந்தத் திட்டம் உருவாக்க நினைத்தது, உருவாக்கியும்விட்டது.

பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் வங்கிகள் உள்ளே நுழைந்தன. விமான நிறுவனங்கள் மைல்களை மொத்தமாக வங்கிகளுக்கு விற்க, வங்கிகள் அவற்றைத் தங்கள் கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. மைல் என்பது பறந்ததற்கான வெகுமதி என்ற நிலை போய், விமான நிறுவனம் தானே அச்சடித்து விற்கும் சரக்காக ஆனது. அந்தச் சரக்கு எவ்வளவு பெரியது என்பது கொரோனா காலத்தில்தான் வெளியே தெரிந்தது. 2020 ஜூனில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் தன் மைலேஜ் பிளஸ் திட்டத்தை அடமானம் வைத்துக் கடன் திரட்டியது. திரண்ட தொகை 680 கோடி டாலர். திட்டத்தின் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று அந்த நிறுவனமே முதலீட்டாளர்களிடம் சொன்னது. அதே வாரம் பங்குச் சந்தையில் மொத்த யுனைடெட் நிறுவனத்தின் மதிப்பு ஏறக்குறைய அதில் பாதிதான். டெல்டா அதே ஆண்டு ஸ்கைமைல்ஸ் திட்டத்தைக் காட்டி 900 கோடி டாலர் திரட்டியது. மறு ஆண்டு அமெரிக்கன் 1,000 கோடி டாலர். 2024-இல் மட்டும் கிரெடிட் கார்டு நிறுவனமான அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து டெல்டாவுக்கு வந்த தொகை 740 கோடி டாலர்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, மைல் திட்டம் வாடிக்கையாளருக்கான நன்றிக்கடன் என்று யாரும் சொல்ல முடியாது. திட்டத்துக்குப் பெரும்பணம் கொடுப்பவை வங்கிகள். மைலின் மதிப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்று நிறுவனம் யோசிக்கும்போது வங்கி ஒப்பந்தமும் முதலீட்டாளர்களும் முன்னே நிற்கிறார்கள். பத்து ஆண்டுகளாக அதே விமானத்தில் ஏறிய பயணி பின்வரிசையில் நிற்கிறார்.

அந்த யோசனையின் முடிவு பெரும்பாலும் குறைப்பதாகவே இருந்திருக்கிறது. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு வழித் தூரம் சுமார் 2,475 மைல். பழைய முறையில் போய்வந்த பயணிக்கு, டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஏறக்குறைய 4,950 மைல் கணக்கில் சேர்ந்தது. 2015-இல் டெல்டாவும் யுனைடெட்டும் தூரக் கணக்கை விட்டுவிட்டுச் செலவுக் கணக்குக்கு மாறின. சாதாரண உறுப்பினருக்கு ஒரு டாலர் அடிப்படைக் கட்டணத்துக்கு 5 மைல். அடிப்படைக் கட்டணம் 300 டாலர் என்றால் அதே பயணத்துக்குக் கிடைப்பது 1,500 மைல். விமானம், இருக்கை, தூரம் எல்லாம் அப்படியே இருக்க, கணக்கில் சேர்வது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. 2016 ஆகஸ்டில் அமெரிக்கனும் இதே வழிக்கு வந்தது.

சேர்ப்பது கடினமானதோடு நிற்கவில்லை. சேர்த்ததைச் செலவழிக்கும் விலையையும் நிறுவனங்கள் மறைத்தன. எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று முன்பெல்லாம் ஓர் அட்டவணை இருக்கும். பயணி அதைப் பார்த்து, இரண்டு ஆண்டில் இவ்வளவு சேர்த்தால் குடும்பத்தோடு போகலாம் என்று திட்டமிட முடிந்தது. டெல்டா 2015-இல் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. யுனைடெட் 2019 நவம்பரில் தன் விமானங்களுக்கு எடுத்தது. இப்போது மைல் டிக்கெட்டின் விலை சாதாரண டிக்கெட்டின் விலைபோலவே நாளுக்கு நாள் மாறுகிறது. தேவை அதிகமுள்ள நாளில் ஏறுகிறது.

ஊரில் சீட்டுப் போட்டவர்களுக்கு இதன் அநியாயம் உடனே புரியும். பதிவு செய்த சீட்டில் தவணை எவ்வளவு, மாதம் எத்தனை, ஏலம் எப்படி என்பதெல்லாம் முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதி, 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளரிடம் பதியப்படுகின்றன. நடத்துபவர் பிணையும் கட்ட வேண்டும். பத்தாவது மாதத்தில் அவர் வந்து, சீட்டுத் தொகை இனி முக்கால் பங்குதான் என்று சொல்ல முடியாது. மைல் திட்டத்தில் அதைச் சொல்லலாம். ஏறக்குறைய எல்லாத் திட்டங்களின் விதிகளிலும், நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற வரி இருக்கிறது. சேர்ந்துவிட்ட மைல் பயணியின் சொத்து அல்ல என்ற வரியும் பல திட்டங்களில் உண்டு.

அந்த வரிகளின் பலத்தை நீதிமன்றம்வரை போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1988-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், மைல் டிக்கெட்டுக்கு இருக்கை வரம்பும் விலக்கு நாட்களும் கொண்டுவந்து, ஏற்கெனவே சேர்த்த மைல்களுக்கும் அவற்றைப் பொருத்தியது. உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள். 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநில நுகர்வோர் சட்டத்தைக் காட்டி விமான நிறுவனத்தை இழுக்க முடியாது, ஒப்பந்த மீறல் என்று மட்டுமே வாதாடலாம் என்றது. எதையும் மாற்றலாம் என்பதே ஒப்பந்தமாக இருக்கும்போது, மீறல் என்று சொல்ல மிச்சம் அதிகமில்லை.

இரண்டாவது வழக்கு இன்னும் உறுத்துவது. மினசோட்டாவைச் சேர்ந்த யூத மதகுரு ஒருவர் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸில் தொடர்ந்து பறந்து, 2005-இல் அதன் 'வேர்ல்டு பெர்க்ஸ்' திட்டத்தின் உச்சப் படியான பிளாட்டினத்தைத் தொட்டார். 2008-இல் நிறுவனம் அவருடைய உறுப்பினர் நிலையை ரத்து செய்தது. எட்டு மாதத்துக்குள் 24 முறை புகார் செய்தார், அவற்றில் ஒன்பது பெட்டி தாமதமாக வந்ததைப் பற்றியவை என்று காரணம் சொன்னது. நல்லெண்ணத்தோடு நடக்கும் கடமை ஒப்பந்தத்தில் எழுதாமலே அடங்கியிருக்கிறது, அதை நிறுவனம் மீறிவிட்டது என்று அவர் வாதாடினார். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விமானக் கட்டுப்பாட்டை நீக்கிய அந்த 1978 சட்டமே அவருடைய கோரிக்கைக்குத் தடையாக நின்றது. ஆண்டுக்கணக்கில் ஒரே நிறுவனத்தில் பறந்தவருக்குச் சட்டத்தின் முன்னால் இருந்த பிடிமானம் அவ்வளவுதான்.

'இதெல்லாம் அமெரிக்கக் கதை' என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவில் நடந்தது இதைவிடக் கடுமையானது. இங்கே சில நிறுவனங்களே காணாமல்போயின. 2000-களின் பிற்பகுதியில் கிங்ஃபிஷரின் 'கிங் கிளப்' அட்டை நாட்டின் விமான நிலையங்களில் ஒரு கௌரவம். 2012 பிப்ரவரியில் அந்த நிறுவனம் 'ஒன்வேர்ல்டு' என்ற பன்னாட்டு விமான நிறுவனக் கூட்டணியில் சேரவிருந்தது. சேர்ந்தால் உலகம் முழுக்க அந்த அட்டை செல்லும் என்று உறுப்பினர்கள் நம்பினார்கள். சேர்க்கை கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. அந்த அக்டோபரில் உரிமமே முடக்கப்பட்டது. ஜெட் ஏர்வேஸ் 1993-இலிருந்து பறந்த நிறுவனம். 'ஜெட் பிரிவிலேஜ்' இந்தியாவில் பலருக்கு முதல் மைல் கணக்கு. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் போன விமானத்தோடு ஜெட் நின்றுபோனது. திட்டம் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் மைல்கள் ஒரேயடியாக அழியவில்லை. அந்த நவம்பரில் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாறி, வேறு வாங்கல்களுக்குப் பயன்படும் புள்ளிகளாக நீடித்தன. ஆனால் எந்த விமானத்தில் முன்வரிசைக்காகப் பத்தாண்டு காத்தார்களோ அந்த விமானம் இல்லை. பிளாட்டினம் அட்டையைக் காட்டக் கவுன்ட்டரும் இல்லை.

விஸ்தாராவின் கதை சுமுகமாக முடிந்தது என்பார்கள். 2024 நவம்பர் 12-ஆம் தேதி அது ஏர் இந்தியாவில் இணைந்தபோது கிளப் விஸ்தாரா புள்ளிகள் ஏர் இந்தியாவின் 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' கணக்குக்கு மாறின. புள்ளி போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏர் இந்தியா வேண்டாம் என்றே விஸ்தாராவைத் தேர்ந்தெடுத்த பயணியின் கணக்கு, அவரைக் கேட்காமல் ஏர் இந்தியாவில் போய் உட்கார்ந்தது. அதே 2024-இல்தான் ஏர் இந்தியா தன் திட்டத்தைத் தூரக் கணக்கிலிருந்து செலவுக் கணக்குக்கு மாற்றியிருந்தது. அடுத்த ஆண்டு திட்டத்தின் பெயரும் 'மகாராஜா கிளப்' என்று மாறியது. நீண்ட கால உறவு என்று பயணி நினைத்துக்கொண்டிருக்கும் பந்தத்தில், எதிர்த்தரப்பு இரண்டே ஆண்டில் பெயர், உரிமையாளர், விதி மூன்றையும் மாற்றிக்கொள்ள முடிகிறது.

இங்கே எதிர்வாதம் எழும். 'எப்படியும் பறக்கத்தான் போகிறோம். சும்மா கிடைக்கும் மைலை ஏன் விட வேண்டும்? மைலும் பணம்தானே?' மைல் பணம்தான். எவ்வளவு பணம் என்பதுதான் கேள்வி. அமெரிக்க நிறுவனங்களின் விகிதத்தையே எடுத்துக்கொண்டால், ஒரு டாலருக்கு 5 மைல். ஒரு மைலுக்கு ஒரு சென்ட் என்று தாராளமாக மதிப்புப் போட்டாலும் திரும்பக் கிடைப்பது 5 சதவீதம். வரிக்கும் விமான நிலையக் கட்டணத்துக்கும் பொதுவாக மைல் கிடையாது. ஆக 8,000 ரூபாய் டிக்கெட்டில் மைலின் மதிப்பு, எப்படி நீட்டிப் பார்த்தாலும், 400 ரூபாயைத் தாண்டாது. அதுவும் இன்றைய 400 ரூபாய் அல்ல. என்றோ ஒருநாள், இருக்கை கிடைத்தால், அன்றைய விதிப்படி கிடைக்கக்கூடிய 400 ரூபாய். அதற்காக இன்று 800 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவருக்கு அந்த இடத்திலேயே நஷ்டம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். இண்டிகோ, ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்று நேரடி விமானங்கள் இருக்கின்றன. கொழும்பு வழியாக ஸ்ரீலங்கனிலும் போகலாம். கோலாலம்பூரில் இறங்கி மாறியும் போகலாம். விலையும் நேரமும் வாரத்துக்கு வாரம் மாறும் வழித்தடம் இது. திறந்த மனதோடு தேடுகிறவருக்கு இத்தனை வாய்ப்பும் கைவசம். கோல்டு நிலையைக் காப்பாற்ற வேண்டியவர் தன் கூட்டணி விமானத்தை மட்டும் பார்த்து, சில நேரம் நான்கு மணி நேர நேரடிப் பயணத்தை விட்டுவிட்டு இன்னொரு ஊரில் நள்ளிரவில் காத்துக் கிடக்கிறார். அந்தக் காத்திருப்புக்கும் விலை உண்டு. மைல் கணக்கில் அது எங்கும் கழிக்கப்படுவதில்லை.

சேர்த்த மைலைச் செலவழிக்க வரும்போது நிலைமை இன்னும் மோசம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும்தான் குடும்பங்கள் ஊருக்கு வர நினைக்கின்றன. மைல் இருக்கைகள் அரிதாவதும் அப்போதுதான். விலை மாறும் திட்டமாக இருந்தால் மைல் விலை உச்சத்துக்குப் போவதும் அப்போதுதான். கிடைத்தாலும் வரியையும் பல நிறுவனங்களில் கூடுதல் கட்டணத்தையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். இடையில் காலாவதி வேறு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்களுக்கு மூன்று ஆண்டு ஆயுள். ஆண்டுக்கொருமுறை ஊருக்கு வரும் தொழிலாளிக்கு, ஓர் இலவச டிக்கெட் அளவுக்கு மைல் சேரும் முன்பே முதலில் சேர்த்தவை கரையத் தொடங்கிவிடும்.

அப்படியானால் மைலை விடலாம், அந்தஸ்தை விட முடியுமா என்பார்கள். கோல்டு அட்டையின் பலன்களை ஒவ்வொன்றாக விலை போட்டால் அந்த மயக்கமும் தெளியும். இந்தியாவில் உள்நாட்டு லவுஞ்சுக்குள் போகப் பல டெபிட், கிரெடிட் கார்டுகளே போதும். அதனால்தான் இன்று லவுஞ்ச் வாசலிலும் வரிசை. முன்கூட்டி ஏறுவதால் விமானம் முன்கூட்டிப் புறப்படாது. கூடுதல் லக்கேஜ் தேவைப்படும் அந்த ஒன்றிரண்டு பயணத்துக்கு முன்பதிவிலேயே கிலோ வாங்கிக்கொள்ளலாம். பிசினஸ் வகுப்பு அப்கிரேடு என்பது, நிறுவனத்தால் விற்க முடியாமல்போன இருக்கை. கடைசி நேரத்தில் அதைக் குறைந்த விலைக்கு விற்கும் வழிகளை நிறுவனங்கள் கண்டுபிடித்துவிட்ட பிறகு, இலவசமாகக் கொடுக்க மிச்சமிருப்பது குறைவு.

அந்தப் படிகளின் உயரமும் நிலையாக இருப்பதில்லை. 2023 செப்டம்பரில் டெல்டா, தன் உச்சப் படியான டைமண்டுக்கு ஆண்டுச் செலவு 20,000 டாலர் என்றிருந்ததை 35,000 டாலராக உயர்த்தப்போவதாக அறிவித்தது. உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். அளவுக்கு மீறிப் போய்விட்டோம் என்று தலைமைச் செயல் அதிகாரி எட் பாஸ்டியன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதன் பிறகு நிர்ணயமான தொகை 28,000 டாலர். பின்வாங்கிய பிறகும் சுமை முன்பைவிட 8,000 டாலர் கூடுதல். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2024 டிசம்பர் 30-ஆம் தேதி அறிவித்து, 2025 ஏப்ரல் 1 முதல் செலவுக் கணக்குக்கு மாறியது. கோல்டுக்கு ஆண்டுக்கு 20,000 புள்ளி. ஒரு பவுண்டு செலவுக்கு ஒரு புள்ளி. நீண்ட தூரம் பறந்து, டிக்கெட்டைப் பார்த்துப் பார்த்து வாங்கி கோல்டு வைத்திருந்த எத்தனையோ பேருக்கு அந்தப் படி எட்டாத உயரமானது.

இவ்வளவுக்குப் பிறகும் புத்திசாலிகள் ஏன் இதில் சிக்குகிறார்கள்? ஜோசப் நூன்ஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல விளக்கம். ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 வாடிக்கையாளர்களுக்கு முத்திரை அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு கட்டம் உள்ள வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்து கட்டம், ஆனால் இரண்டில் ஏற்கெனவே முத்திரை. இருவருமே எட்டு முறை வந்தால்தான் ஓர் இலவசக் கழுவல். வெற்று அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள்; முத்திரை வைத்துக் கொடுத்த அட்டைக்காரர்களில் 34 சதவீதம் பேர். பலன் ஒன்று, உழைப்பு ஒன்று. ஏற்கெனவே கொஞ்சம் வந்துவிட்டோம் என்ற உணர்வு மட்டுமே வித்தியாசம். சேர்ந்தவுடன் போனஸ் மைல், இன்னும் இரண்டு பயணம் போனால் சில்வர் என்று ஆண்டிறுதியில் வரும் மின்னஞ்சல், படி இறங்குபவருக்குக் கொடுக்கும் தற்காலிக நீட்டிப்பு எல்லாமே இந்த உணர்வின் மேல் கட்டப்பட்டவை. அந்த மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு, தேவையே இல்லாத ஒரு பயணத்தை டிசம்பரில் போய்வருகிறவர்களும் உண்டு. வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய பணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பிளாஸ்டிக் அட்டையின் நிறத்துக்காகப் போகின்றன.

விசுவாசிகள் கடைசியாகப் பிடித்துக்கொள்ளும் வாதம், விமானம் ரத்தானால் கோல்டு உறுப்பினரை நிறுவனம் முதலில் கவனிக்கும் என்பது. முன்னுரிமை கொஞ்சம் கிடைக்கலாம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பயணியின் அடிப்படைப் பாதுகாப்பு அட்டையிலிருந்து வருவதில்லை. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிகளின்படி, இருக்கை உறுதியான பயணியை ஏற்ற மறுத்து, ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானமும் கொடுக்காவிட்டால் 10,000 அல்லது 20,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. உரிய முன்னறிவிப்பில்லாமல், நிறுவனத்தின் காரணத்தால் விமானம் ரத்தானால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை உண்டு. முதன்முறை விமானம் ஏறும் பாட்டிக்கும் பிளாட்டினம் உறுப்பினருக்கும் இது ஒன்றே. 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் ஓய்வு நேர விதிகளுக்கு ஏற்பத் திட்டமிடாததால் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதன் ஆபத்தை நாடே பார்த்தது.

இந்தத் திட்டங்களால் உண்மையிலேயே லாபம் அடைகிற ஒரு பிரிவினர் உண்டு. டிக்கெட்டுக்கு வேறொருவர் பணம் கட்ட, மைலைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்பவர்கள். அலுவலகம் 40,000 ரூபாய் டிக்கெட் எடுத்தாலும் 55,000 ரூபாய் டிக்கெட் எடுத்தாலும் அவர் கையிலிருந்து ஒன்றும் போவதில்லை. மைல் மட்டும் அவருக்கு. அவரைப் பொறுத்தவரை விசுவாசம் லாபமே. அந்த லாபத்தைக் கொடுப்பது அவருடைய நிறுவனம். அரசு ஊழியர் என்றால் வரி கட்டுபவர்கள். ஜெர்மனியில் 2002-இல் இது அரசியல் புயலானது. நாடாளுமன்ற வேலைக்காகப் பறந்து சேர்த்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியது வெளியானதும் அரசியல்வாதிகளான செம் ஓஸ்டெமிரும் கிரெகோர் கீசியும் பதவி விலகினார்கள். இந்திய அரசின் விதியும் தெளிவானது: அலுவல் பயணத்தில் சேரும் மைல் அலுவல் பயணத்துக்கே. நார்வே இன்னும் ஒரு படி மேலே போனது. மைல் திட்டங்கள் புதிய நிறுவனங்களை உள்ளே விடாமல் போட்டியை நசுக்குகின்றன என்று 2002-இல் உள்நாட்டு விமானங்களில் மைல் கொடுப்பதையே தடை செய்தது. 2013 வரை அந்தத் தடை நீடித்தது. விசுவாசத் திட்டம் பயணிக்கு நன்மை என்றால், போட்டியைக் காக்கும் பொறுப்பில் உள்ள ஓர் அரசு அதைப் பதினோரு ஆண்டு நிறுத்திவைக்க வேண்டிய தேவை வந்திருக்காது.

சொந்தக் காசில் பறக்கும் இந்தியப் பயணி தன் தீர்ப்பை ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்பதும் கவனிக்க வேண்டியது. இண்டிகோ 2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கியது. 18 ஆண்டுகள் அதற்கு அடிக்கடி பறப்போர் திட்டமே கிடையாது. கிங்ஃபிஷரும் ஜெட்டும் ஏர் இந்தியாவும் மைல்களை அள்ளிக் கொடுத்த அதே வானத்தில், மைல் இல்லாத இந்த நிறுவனம் உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேலானவர்களைச் சுமக்கும் அளவுக்கு வளர்ந்தது. பயணிகள் கட்டணத்தையும், நேரத்தையும், தங்கள் ஊருக்கு விமானம் இருக்கிறதா என்பதையும் பார்த்தார்கள். 'புளூசிப்' என்ற திட்டத்தை இண்டிகோ தொடங்கியது 2024 நவம்பரில்தான். சந்தையின் பெரும்பகுதி கைக்கு வந்த பிறகு. பயணியைச் சேர்க்க அது தேவைப்படவில்லை. சேர்ந்த பயணி வெளியே எட்டிப் பார்க்காமலிருக்க அது தேவைப்படுகிறது.

ஒரே நிறுவனத்தின் ஆதிக்கத்திலுள்ள ஊரில் இருந்துகொண்டு, வாராவாரம் அதே வழித்தடத்தில், விலை உயர்ந்த டிக்கெட்டில் பறப்பவருக்கு இந்த வாதம் முழுமையாகப் பொருந்தாது. அவருக்குத் தேர்வே இல்லை. கிடைக்கும் சலுகையை வாங்கிக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு வழி எளியது. எல்லாத் திட்டங்களிலும் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம். டிக்கெட் தேடும்போது கட்டணம், நேரம், லக்கேஜ், ரத்துக் கட்டணம் நான்கையும் பார்த்து முடிவு செய்தபின் கடைசியாக உறுப்பினர் எண்ணைப் போடலாம். ஒரு சிறிய பயணத்துக்கு ஆகிற அளவு சேர்ந்ததும் செலவழித்துவிடலாம். கனவுப் பயணத்துக்காகச் சேமித்துவைப்பது நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கொடுத்த கடன். கைவசமுள்ள அந்தஸ்தைக் காக்க மட்டும் ஒரு டிக்கெட் வாங்க நேர்ந்தால், அந்த ஆண்டோடு அதை விட்டுவிடலாம்.

அரசின் பங்கும் பாக்கி இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024 செப்டம்பரில் நான்கு பெரிய நிறுவனங்களிடம் மைல் மதிப்புக் குறைப்பு, மறைவான விலை, கட்டணங்கள் பற்றி விளக்கம் கேட்டு உத்தரவிட்டது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்கு இலக்கணம் இருக்கிறது. தக்க காரணமில்லாமல் ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் விதி அதில் அடங்குகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் செயல்பாட்டில் இருக்கிறது. ஏற்கெனவே சேர்ந்த மைலின் மதிப்பைக் குறைக்கக் குறைந்தது ஓராண்டு முன்னறிவிப்பு, மைல் டிக்கெட்டுகளுக்கு வெளிப்படையான விலைப் பட்டியல், நிறுவனம் மூழ்கினால் மைல் பாக்கியை ஈடுகட்டத் தனியே ஒதுக்கிய நிதி, இந்த மூன்றையும் ஆணையமும் டி.ஜி.சி.ஏ.வும் சேர்ந்து கட்டாயமாக்க வேண்டும். சீட்டு நடத்துபவரிடம் பிணை கேட்கும் நாட்டில் இது பெரிய கோரிக்கை அல்ல. அதுவரை, மைலுக்காகக் கூடுதல் விலை கொடுத்து டிக்கெட் வாங்கும்படி ஒரு பயணிக்கு அறிவுரை சொல்ல யாரிடமும் நியாயமான காரணம் இல்லை.